காலி டைரி

டைரியும் காலண்டரும் லட்சக்கணக்கில் அச்சாகிற ஊர் சிவகாசி. டிசம்பர் ஆனால் எங்கள் வீட்டுக்கு இரண்டு டைரியாவது இலவசமாக வந்துவிடும். ஜனவரி முதல் வாரம் எழுதுவேன். பொங்கலோடு நின்றுவிடும். மார்ச்சில் அது அம்மாவின் பால் கணக்கு நோட்டு.

ஏன் எழுதவில்லை என்று கேட்டால் பதில் தயார்: நேரமில்லை. ஐடி வேலை, ராத்திரி கால், அடுத்த ரிலீஸ். பத்து வருஷம் இதைச் சொல்லியே ஓட்டினேன். எழுத ஆசைப்படும் என் நண்பர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். பச்சைப் பொய். அந்தப் பத்து வருஷத்தில் எத்தனை வெப் சீரிஸ் பார்த்து முடித்தேன் என்று எனக்குத் தெரியும்.

அதைச் சொல்லும் உரிமை அம்மாவுக்கு இருந்தது. பகலில் தீப்பெட்டி ஆபிஸ், ராத்திரி வீட்டில் பெட்டி ஒட்டுவது. எண்ணிக்கைக்குத்தான் கூலி. பசை காய்வதற்குள் ஒரு கதையைச் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்துவிடுவாள். அதில் ஒன்றைக்கூட எழுதிவைக்க அவளுக்கு வாய்க்கவில்லை. அவளுடைய காரணத்தை இரவல் வாங்கி ஏசி ரூமில் உட்கார்ந்து நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

இதே மாவட்டத்தில், மேலாண்மறைநாட்டில், ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஒருவர் சின்னக் கடை நடத்திக்கொண்டே கதைகள் எழுதினார். மேலாண்மை பொன்னுச்சாமி. 2007இல் ‘மின்சாரப் பூ’ தொகுப்புக்கு சாகித்திய அகாதமி விருது. ‘வறுமையிலும் சாதித்தவர்’ என்று போஸ்டர் ஒட்ட அவரை இழுக்கவில்லை. அவர் கதைகளில் பிரச்சாரம் தூக்கல் என்று டீக்கடையில் நின்று மணிக்கணக்காகப் பேசியவன் நான். ஆனால் அவர் எழுதினார். என்னுடைய கறாரான ரசனை ஒரு பக்கம்கூட எழுதவில்லை.

நம்மைத் தடுப்பது அந்த ரசனைதான். நிறைய வாசித்துவிட்டோம்; முதல் வரியே கி.ரா. மாதிரி விழ வேண்டும் என்கிறோம். விழாது. உடனே ‘மூடு வரலடா’ என்று லேப்டாப்பை மூடுகிறோம். மூடு வரட்டும் என்று மேனேஜரிடம் சொன்னதுண்டா? முதலில் எழுதும் கோட் பிழையோடுதான் இருக்கும், மறுநாள் திருத்துகிறோம்.

“கோடும் கதையும் ஒண்ணா?” என்பீர்கள். இல்லைதான். கோட் தப்பென்றால் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிடும். கதையில் அப்படி ஒன்று கிடையாது. எங்கே பொய்யாக எழுதினோம் என்று கண்டுபிடிக்க, பொய்யாக எழுதிய பக்கம் முதலில் கையில் இருந்தாக வேண்டும். தினமும் எழுதினால் எழுத்தாளன் ஆகிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எழுதாமலிருந்தால் நம் எழுத்து எவ்வளவு மோசம் என்பதுகூட நமக்குத் தெரியாது.

இந்த வருஷ டைரியை அம்மாவிடம் கொடுக்கவில்லை. ராத்திரி சாப்பிட்டதும் அரைமணி நேரம், ஒரு பக்கம். பெரும்பாலும் அவள் சொன்ன கதைகள்தான். “என்னய்யா எழுதுற?” என்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன். “நான் இப்படிச் சொல்லலியே” என்றாள். அடித்துவிட்டு மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.