ஃபைட்டர் மீனுக்கு உடம்பு சரியில்லையா? மருந்துக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்!

ராஜபாளையத்தில் நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் வீடே கண்டுபிடித்துவிடும். சோற்றைத் தொடாது, மூலையில் சுருண்டு படுக்கும், பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வராது. ஆனால் மீன்? கத்தாது, முனகாது. அதுபாட்டுக்கு ஓரமாக ஒதுங்கி நிற்கும். ‘தூங்குது போல’ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் காலையில் செத்து மிதக்கும்.

அந்த ஊரில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் வீட்டிலும் அப்படித்தான் முடிந்திருக்க வேண்டியது. ஆடிப்பூரத் தேரோட்டம் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் ஆச்சி வீட்டுக்குப் போனவன், திரும்பும்போது ஒரு கையில் பால்கோவா, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பையில் நீல நிற ஃபைட்டர் மீன் என்று பஸ் ஏறினான். வீட்டுக்கு வந்ததும் காலி காபித்தூள் பாட்டில் மீனுக்கு வீடானது.

“இதுக்கு மோட்டார்லாம் வேணாம்யா. சின்ன பாட்டில்லயே கெடக்கும்” என்று விற்றவர் சொல்லியிருந்தார்.

மூன்றே வாரம். விசிறி போல விரிந்திருந்த வால், கரையான் அரித்த காகிதம் மாதிரி ஆனது. ஓரமெல்லாம் கறுப்பு. போட்ட தீனி அப்படியே மிதந்தது.

“விடுய்யா, அடுத்த வாரம் வேற வாங்கிக்கலாம்” என்றார் அப்பா.

“எனக்கு வேற வேணாம். இதுதான் வேணும்” என்று பையன் அழ, ஸ்ரீவில்லிபுத்தூரில் பல வருடமாக வண்ண மீன் வளர்க்கும் மாமாவுக்கு வீடியோ கால் போட்டார் அம்மா.

மாமா மருந்துப் பேரே சொல்லவில்லை. “தண்ணி எப்படி மாத்துறீங்க மாப்ள?” என்றுதான் கேட்டார்.

“மூணு நாளைக்கு ஒருக்க முழுசாக் கொட்டிட்டு, குழாய்த் தண்ணியப் புதுசாப் புடிச்சு ஊத்திருவோம்ணே” என்றார் அம்மா, பெருமையாக.

“கோளாறே அங்கதாம்மா இருக்கு.”

பாட்டிலில் கிடக்கும், வாழுமா?

ஃபைட்டர் மீனின் பூர்வீகம் தாய்லாந்துப் பக்கம். வயல், சதுப்பு, ஓடை என்று ஆழமில்லாத வெதுவெதுப்பான நீரில் வாழ்வது. 2019-ல் தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. நம்மூர் பனையேறிக் கெண்டையைப் போல, நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு இதற்கும் உண்டு. அதனால்தான் மற்ற மீன்கள் மூச்சுத்திணறிச் செத்துவிடும் பாட்டிலில் இது உயிரோடு கிடக்கிறது.

ஆனால் மூச்சு விட முடிவது வேறு, நலமாக இருப்பது வேறு. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். வயலில் அது கரைந்து போய்விடும். அரை லிட்டர் பாட்டிலில் எங்கே போகும்? செவுளையும் தோலையும் எரிக்கும். புண்ணான தோலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் சுலபமாகக் குடியேறும்.

சரி, முழுத் தண்ணீரையும் மாற்றுவது நல்லதுதானே? இல்லை. குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் கலந்திருக்கும். நமக்கு நல்லது, மீனின் செவுளுக்கு விஷம். கூடவே தண்ணீரின் சூடும் தன்மையும் ஒரே நிமிடத்தில் மாறிவிடுவதால் மீன் ஆடிப்போகிறது. மூன்று நாள் அம்மோனியா, பிறகு ஒரு குளோரின் குளியல் என்று மாறி மாறி வாங்கியதில்தான் அந்த வால் கரைந்தது.

உடம்பு சொல்லும் பாஷை

தினமும் தீனி போடும்போது ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

• துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கி வைத்திருக்கிறதா? நிறம் மங்கி, அடியிலேயே கிடக்கிறதா? ஏதோ சரியில்லை என்பதற்கான முதல் மணி இது. பெரும்பாலும் காரணம் தண்ணீர்.

• வால், துடுப்பு ஓரம் கறுத்தோ சிவந்தோ கிழிந்துகொண்டே போனால், துடுப்பு அழுகல்.

• உடம்பில் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தால், வெண்புள்ளி நோய். இது ஓர் ஒட்டுண்ணி.

• இருட்டில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது தங்கத் தூள் அப்பியது போல மின்னினால், வெல்வெட் நோய். மீன் கல்லிலும் செடியிலும் உரசிக்கொள்ளும்.

• வயிறு உப்பி, ஒருக்களித்து மிதந்தால், பெரும்பாலும் அதிகத் தீனியால் வந்த மலச்சிக்கல்.

• செதில்கள் அன்னாசிப்பழத் தோல் போலச் சிலிர்த்து நின்றால், மகோதரம். இதுதான் ஆபத்தானது.

முதல் ஒரு வாரம் என்ன செய்ய வேண்டும்?

மாமா சொன்னபடி, வீட்டில் இருந்த 15 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா கழுவப்பட்டது. சோப்பு போடாமல், வெறும் தண்ணீரில் மட்டும். அகலமான பக்கெட்டில் பிடித்து ஒருநாள் முழுக்கத் திறந்து வைத்த தண்ணீரை அதில் ஊற்றினார்கள். அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து போதும். ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றக் கூடாது. மீனுக்குத் தேவையான தாதுக்கள் அதில் மிகக் குறைவு.

பழைய பாட்டிலில் புதுத் தண்ணீரை அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பழக்கிய பிறகுதான் மீனை மாற்றினார்கள். டப்பாவுக்குத் துளை போட்ட மூடி. ஃபைட்டர் நன்றாகத் துள்ளும், வெளியே விழுந்துவிடும். ஆனால் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே மூச்சு விட இடம் இருக்க வேண்டும். ஃபில்டர் இல்லாததால் தினமும் கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றினார்கள்.

அடுத்து உப்பு. அயோடின் சேர்க்காத கல் உப்பு, 4 லிட்டருக்கு மட்டமாக ஒரு டீஸ்பூன். நேரடியாகப் போடாமல் தனியாகக் கரைத்து, இரண்டு மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்கு மட்டும் உப்பைச் சேர்க்க வேண்டும். பத்து நாளுக்கு மேல் தொடரக் கூடாது.

“மாப்ள, உங்க பள்ளிக்கூடத்துல பாதாம் மரம் நிக்கில்ல? தானா உதிர்ந்த காஞ்ச இலை ஒண்ணு எடுத்துட்டு வா” என்றார் மாமா. நாட்டு வாதுமை என்கிற அதே மரம்தான். இலையில் இருக்கும் டானின் தண்ணீரை டீ நிறமாக்கி, லேசான அமிலத்தன்மை தரும். கிருமி வளர்வதையும் ஓரளவு தடுக்கும். ஆன்லைனில் காசுக்கு விற்கும் இலை, நம் தெருவில் சும்மா உதிர்கிறது. பூச்சிமருந்து அடிக்காத, சாலைப் புகை படாத மரமாகப் பார்த்து எடுத்து, கழுவிப் போட வேண்டும். ஆனால் இது துணைதான், மருந்து அல்ல.

தண்ணீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. மார்கழிப் பனியிலும் ஏ.சி. அறையிலும் சின்னத் தொட்டி சீக்கிரம் குளிர்ந்துவிடும். அங்கே சின்ன ஹீட்டர் தேவைப்படும்.

மருந்து எப்போது?

நான்கைந்து நாளில் அழுகல் நிற்காவிட்டாலோ, புள்ளி நோய் என்று தெரிந்தாலோ மருந்துக்குப் போகலாம். வெண்புள்ளிக்குக் கடைகளில் மெத்திலீன் ப்ளூ, மாலகைட் க்ரீன் கலந்த சொட்டு மருந்துகள் கிடைக்கும். லேபிளில் உள்ள அளவைத் தாண்டக் கூடாது. ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் மெத்திலீன் ப்ளூ கொன்றுவிடும் என்பதால், தனி டப்பாவில் வைத்தே சிகிச்சை தர வேண்டும். மீனின் தோலுக்குள் இருக்கும்வரை இந்த ஒட்டுண்ணியை மருந்து தொடாது. வெளியே நீந்தும்போதுதான் சாகும். அதனால் புள்ளி மறைந்த பிறகும் சில நாள் தொடர வேண்டும். வெல்வெட் நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்தோடு, தொட்டியைத் துணி போட்டு இருட்டாக்குவதும் உதவும்.

வயிறு உப்பிய மீனுக்கு இரண்டு மூன்று நாள் பட்டினியே வைத்தியம்.

வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையை உடைத்துப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அளவு தெரியாமல் போட்டால் மீனும் பிழைக்காது, மருந்துக்கு அடங்காத கிருமியும் வளரும். மீன்கள் வரிசையாகச் செத்தால், தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கும் மீன்வளக் கல்லூரியில் விசாரிக்கலாம். மீன் நோய்களைப் பற்றிப் படித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

கையில் காயம் இருக்கும்போது தொட்டிக்குள் கை விடக் கூடாது. மீனிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் தோல் நோயும் உண்டு. அதேபோல, நோயுற்ற மீனைப் ‘பாவம், பிழைச்சுக்கட்டும்’ என்று கண்மாயில் விடுவதும் தப்பு. அங்குள்ள மீன்களுக்கும் நோய் போய்ச் சேரும்.

எல்லாம் பிழைக்குமா?

பிழைக்காது. செதில் சிலிர்த்துவிட்டால், பெரும்பாலும் உள்ளே சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையிலிருந்து மீள்பவை குறைவு. அதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் இந்த மீனின் ஆயுள் பொதுவாக இரண்டு, மூன்று வருடம்தான்.

ராஜபாளையத்துப் பையனின் மீன் ஐந்தாவது நாள் ஒரே ஒரு குருணை சாப்பிட்டது. இரண்டு வாரம் கழித்து மறுபடி வீடியோ கால்.

“மாமா, வால் ஓரத்துல கண்ணாடி மாதிரி ஏதோ தெரியுது. பூஞ்சையா?”

போனை மீன் பக்கம் திருப்பச் சொல்லிப் பார்த்தார் மாமா.

“பூஞ்சைன்னா பஞ்சு மாதிரி இருக்கும் மாப்ள. ஓரம் கறுத்தா அழுகுதுன்னு அர்த்தம். கண்ணாடி மாதிரி இருந்தா புதுசா முளைக்குதுன்னு அர்த்தம். நிறம் பின்னாடி வரும்.”

பக்கத்தில் நின்ற அப்பா பக்கெட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார், நாளைக்குத் தண்ணீர் பிடித்து வைக்க.