இணையத்தில் வாங்குபவருக்கு நடுவர் மன்றம் உண்டு, விற்பவருக்கு?

தீபாவளி நெருங்கினால் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் தலைநகர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் கூட்டம் அலைமோதும். அதே நாட்களில் கைப்பேசியிலும் ஒரு சந்தை களைகட்டுகிறது. இந்தியாவிலிருந்து வரும் சுடிதார், சீனாவிலிருந்து வரும் தோரணம், தோட்டப்புற வீடுகளில் நம் பெண்கள் சுட்டு விற்கும் முறுக்கு என எல்லாம் ஒரே திரையில் கிடைக்கின்றன.

இந்தச் சந்தைக்கான விதிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாக வகுத்து வருகிறது. அவற்றில் யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்கு இல்லை என்பதே இப்போதைய கேள்வி.

முதலில் வரி. 500 ரிங்கிட்டுக்கு மேற்போகாத பொருள்கள் வெளிநாட்டிலிருந்து விமானம் வழி வந்தால், முன்பு விற்பனை வரி இல்லை. கடை வாடகையும் ஆள் சம்பளமும் கொடுத்து வணிகம் செய்வோருக்கு அது பெரும் குறையாக இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் இணையத்தில் விற்கப்படும் அத்தகைய பொருள்களுக்கு 10 விழுக்காடு வரி விதிக்கப்படுகிறது. ஆனால், 60 ரிங்கிட் சுடிதார் 66 ரிங்கிட் ஆவதால் மட்டும், அதையே 100 ரிங்கிட்டுக்கு விற்கும் கடைக்காரரின் சுமை தீர்ந்துவிடாது.

அடுத்து வாங்குபவர். இணையத்தில் வாங்கிய பொருள் பழுதாக இருந்தாலோ வந்து சேராவிட்டாலோ, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் புகார் செய்யலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. விற்பவர் தம் பெயர், தொடர்பு விவரம், முழு விலை ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்ற விதியும் உண்டு.

விடுபட்டவர் சிறு விற்பனையாளர்தான். ஒரு டின் முறுக்கை 20 ரிங்கிட்டுக்கு விற்பவரிடம் இணையத் தளம் பல பெயர்களில் மொத்தம் 15 விழுக்காடு பிடித்தால், 3 ரிங்கிட் போய்விடும். மாவு, எண்ணெய், டின் செலவு போக மிஞ்சுவதே அவர் கூலி. கட்டணம் உயர்ந்தாலோ அவருடைய பக்கம் முடக்கப்பட்டாலோ அவர் எங்கே முறையிடுவார்? சொந்த, குடும்பப் பயன்பாட்டுக்காக வாங்குபவரையே சட்டம் பயனீட்டாளர் என்கிறது. வணிகத்துக்காகத் தளத்தைப் பயன்படுத்துபவருக்கு அந்த நடுவர் மன்றத்தின் கதவு திறக்காது.

2006 மின் வணிகச் சட்டமும் இங்கே கைகொடுக்காது. மின்னியல் வழி செய்யப்படும் ஒப்பந்தம் செல்லும் என்பதை உறுதிப்படுத்தவே அது இயற்றப்பட்டது. விற்பனையாளரிடம் தளம் எவ்வளவு வசூலிக்கலாம் என்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

2025-இல் தளங்களின் கட்டண உயர்வு குறித்து வணிகர்கள் குறைகூறியபோது, மின் வணிகச் சட்டங்களை மறுஆய்வு செய்வதாக உள்நாட்டு வாணிப அமைச்சு கூறியது. இத்தகைய ஆய்வுகளில் பெரிய நிறுவனங்களும் வர்த்தகச் சங்கங்களும் கணக்கோடு பேசும். சங்கத்தில் சேராத, வணிகப் பதிவுகூட இல்லாத பலகார வியாபாரியின் குரல் அங்கே தானாகப் போய்ச் சேராது.

அதற்குப் பெரிய மாநாடு தேவையில்லை. பத்துப் பேர் கோவில் மண்டபத்திலோ தோட்டத்துப் பொது மண்டபத்திலோ கூடினால் போதும். ஓராண்டுக் கட்டணப் பிடித்தங்களை ஒரே தாளில் எழுதி வைத்தால், வெறும் புலம்பல் சான்றாகிவிடும். கேட்க வேண்டியவையும் தெளிவானவை: கட்டணம் உயரும் முன் போதிய கால அவகாசம், ஒவ்வொரு பிடித்தத்துக்கும் விளக்கம், சிறு வணிகர் முறையிடச் செலவு குறைந்த ஓர் இடம்.

எஸ்எஸ்எம்-இல் வணிகத்தைப் பதிவு செய்வது அதற்கு முதல் படி. பதிவில் இல்லாத வணிகம் கொள்கை வகுப்போரின் கணக்கிலும் வராது. சட்டம் எழுதி முடிந்த பிறகு குறைகூறுவதைவிட, அது எழுதப்படும்போதே பேசுவது நல்லது.