ஓடினால்தான் கார்

"இந்தப் பழைய காரைக் கட்டிக்கொண்டு ஏன் ஐயா அழுகிறீர்கள்? விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கக்கூடாதா?" என்று சங்க அன்பர்கள் பலர் என்னைக் கேட்பதுண்டு. அவர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1975-ஆம் ஆண்டு மாடல் பிரீமியர் பத்மினி. அப்பா வாங்கியது. செம்பூருக்குப் பக்கத்துக் குர்லாவில் பிறந்த வண்டி. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தோடு சேர்ந்து 1964-ல் 'ஃபியட் 1100 டிலைட்' என்ற காரைக் கொண்டுவந்தது. 1974-ல் அதற்குப் 'பத்மினி' என்று பெயர் வைத்தார்கள். எஞ்சின் 1089 சி.சி.; கியர், ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய காலம் அது. கறுப்பு-மஞ்சள் டாக்சியாகவும் இதே வண்டிதான் ஓடியது. ஊரிலிருந்து தாதரில் வந்திறங்கி, பெட்டி படுக்கையோடு நம்மவர்கள் பலர் வாழ்க்கையில் முதன்முதலாக ஏறிய கார் அதுவாகத்தான் இருக்கும்.

அப்பாவுக்குப் பிறகு சில ஆண்டுகள் மூலையில் நின்ற வண்டியைச் சீர் செய்யப் பதினான்கு மாதங்கள் ஆயின. மும்பை மழை தரைத் தகட்டைத் தின்றுவிட்டிருந்தது. தாராவி தொண்ணூறடி சாலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் தகடு வெட்டி, தட்டி, வெல்டிங் வைத்தார். எஞ்சினைப் பிரித்து போர் செய்து புது பிஸ்டன் போட்டார். சீட் தைத்ததும் தாராவியில்தான். சில்லறைச் சாமான்களுக்குச் சோர் பஜாரிலும் குர்லா சி.எஸ்.டி. சாலையிலும் அலைந்தோம். இப்போது எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் வருவதால், பழைய ரப்பர் குழாய்கள் தாங்காது என்று எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஞாயிறு விடியற்காலையில் சயான் வழியாக மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் வரை ஓட்டிச் சென்று டிபன் சாப்பிட்டுத் திரும்புவது என் வழக்கம். பவர் ஸ்டியரிங் கிடையாது. வண்டியைத் திருப்பும்போது தோள் வலிக்கும். சோக்கை இழுத்துவிட்டுப் பொறுமையாகக் கிளப்ப வேண்டும். எஞ்சின் சத்தம் மாறினால் காது சொல்லிவிடும். புதிய காரில் நான் வெறுமனே உட்கார்ந்து போகிறேன், இதில்தான் ஓட்டுகிறேன். முன் சீட்டு முழு நீளப் பலகை மாதிரி இருப்பதால் பேரனும் பேத்தியும் யார் நடுவில் உட்காருவது என்று சண்டை போடுகிறார்கள்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. ஐம்பது வயது கடந்த, அசல் வடிவம் மாறாத சொந்த வண்டிகளை 20,000 ரூபாய் கட்டித் தனியாகப் பதிவு செய்யலாம். பதிவு பத்தாண்டு செல்லும். எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கன்றி வழக்கமாகச் சாலையில் ஓட்டக்கூடாதாம்! அதனால்தான் நான் அந்தப் பக்கம் போகவில்லை. சாதாரண முறையிலேயே தகுதிச் சோதனைக்குக் காட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கிறேன்.

"வண்டியும் மனுஷன் மாதிரிதான் தம்பி. படுக்கப் போட்டா எந்திரிக்காது" என்பார் அண்ணாச்சி. உண்மை. ஓட்டாத காரின் கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகிறது, பிரேக் சிலிண்டர் இறுகுகிறது, பேட்டரி சாகிறது. ஓட்டாதே என்று சொல்லிக் காப்பாற்றுவது, பாட்டுக்காரரைப் பாடாதே என்று சொல்லிப் போற்றுவது போல. பிரிட்டனில் நாற்பது வயது கடந்த காருக்கு வாகன வரி விலக்கு உண்டு. சாலையில் ஓட்டவும் தடையில்லை. ஜெர்மனியில் முப்பது வயதான, நன்கு பேணப்பட்ட காருக்குத் தனி எண் பலகை தருகிறார்கள், அதையும் ஓட்டலாம். இங்கும் தகுதிச் சோதனையில் தேறிய வண்டியை விடுமுறை நாட்களிலாவது ஓட்டவிட்டால் என்ன?

புகையைப் பற்றிக் கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். நானும் புகைச் சான்றிதழ் வாங்கித்தான் ஓட்டுகிறேன். ஆனால் வாரம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகும் வண்டியையும், நாள் முழுதும் நகரைச் சுற்றும் வண்டியையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்க்க வேண்டும்.

எனக்குள்ள பெரிய கவலை வேறு. மும்பையில் கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29-ல் பதிவானது. இருபதாண்டு வரம்பு முடிந்து, 2023 அக்டோபரோடு அந்த டாக்சி வரிசையே முடிந்தது. டாக்சிகள் இருந்தவரை மெக்கானிக்குக்கு வேலை இருந்தது. கடையில் உதிரிப் பாகமும் இருந்தது. எங்களைப் போன்றவர்கள் அந்த நிழலில் பிழைத்தோம். இன்று அண்ணாச்சிக்கு எழுபது வயது. அவர் பட்டறையில் தொழில் பழகும் பையன் ஒருவன்கூட இல்லை. தகட்டைத் தட்டிச் சரி செய்யும் கையும், சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் காதும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவரோடு அவை போய்விடும்.

ஆகவே, வீட்டில் பழைய பத்மினியோ, வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ உறைபோட்டு வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள்: உறையை எடுங்கள். பக்கத்துப் பட்டறை முதியவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் வேலை செய்யும்போது உங்கள் பிள்ளைகளை அருகில் நிறுத்தி, ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் ஒரு நல்ல தொழிலோடு, நாலு திருநெல்வேலித் தமிழ்ச் சொற்களையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு வருவார்கள்.