எவன் கையில் இருந்தது?

பழைய ரிவால்வர்களைத் தேடிச் சேர்த்து வைப்பது செல்வர் சிலரின் பொழுதுபோக்கு. விசையை ஒருமுறை இழுத்தால் போதும். உருளை சுழலும், சுத்தி தானே எழுந்து விழும். பிசகாத வேலைப்பாடுதான்! அதன் அருமை வெண்ணந்தூரில் தறி ஓட்டும் தோழனுக்குத் தெரியாதா? செய்தவனும் தொழிலாளியன்றோ!

ஆனால், நாம் கேட்பது வேறு: எவன் கையில் இருந்தது அது? 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியனை உரிமம் கேட்டு நிற்க வைத்தது, வெள்ளையனுக்கு விலக்களித்தது. அவன் இடுப்பிலே வெப்லி. நம் முதுகிலே தடி!

ஆயினும், ஒரு ரிவால்வர் திசை திரும்பிற்று. 1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலையை நியாயப்படுத்தினான், அன்றைய பஞ்சாப் லெப்டினன்ட் கவர்னர் மைக்கேல் ஓ'டயர். 1940 மார்ச் 13இல், லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் அவனைச் சுட்டு வீழ்த்தினான் உத்தம் சிங். கையிலிருந்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். ஜூலை 31இல் தூக்குமேடை!

1974இல் அவ்வீரனின் எலும்புகள் தாயகம் திரும்பின. ரிவால்வரோ, ஸ்காட்லாந்து யார்டின் குற்றக் காட்சியகத்தில், பொதுமக்கள் புக முடியாத இடத்தில்! விடுதலை வீரனின் ஆயுதத்துக்குக் கொலைகாரர் கத்திகளோடா இடம்?

பகத் சிங்கின் கைத்துப்பாக்கி 2017இல் உசைனிவாலா காட்சியகத்துக்கு வந்தது. இதுவும் வர வேண்டும். செல்வன் அலமாரிக்கல்ல, மக்கள் பார்வைக்கு! டில்லி கேட்கட்டும்! லண்டன் கொடுக்கட்டும்!