ஐந்தாம் படியும் கொதிநீரும்
செயல்முறை முதிர்ச்சி அளவுகோலின் ஐந்தாம் படியை எட்டிய நிறுவனம் தரமான மென்பொருளையே தரும் என்பது திட்ட மேலாளர்களிடையே வேரூன்றிய வாதம். அது நிற்காது என்பதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவதாக, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான அந்த அளவுகோல், வேலை நடக்கும் ஒழுங்கை மதிப்பிடுகிறதே தவிர, விளைந்த பொருளைச் சோதிப்பதில்லை. இரண்டாவதாக, ஆம்பூரில் தோல் பதனிடுவோர் குரோம் அளவையும் டிரம் சுழன்ற நேரத்தையும் பதிவேட்டில் குறித்த பின்னும், ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் இட்டு, அது சுருங்கினால் பதம் போதவில்லை என்று மீண்டும் டிரம்மை ஓட்டுகிறார்கள். பதிவேடு சரியாக இருக்கிறது என்பதற்காகச் சுருங்கும் தோலை யார் வாங்குவார்? மூன்றாவதாக, ராணிப்பேட்டையில் தோல் ஆலைகளின் கழிவுநீருக்கெனப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தும், 2015 ஜனவரி 31 அன்று அதன் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் மாண்டனர். நிலையம் இருந்ததா என்பதா அங்கே கேள்வி, சுவர் தாங்குமா என்பதா? மென்பொருளிலும் அப்படித்தான்: கையொப்பமிட்ட சோதனைப் படிவத்தை நீட்டுவோர், பயனர் கையில் மென்பொருள் இயங்குவதைக் காட்டட்டும்.