பெட்டி நிரம்பினால் ஊசியை எடு

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கோலார் தங்கவயலில் அந்தக் காற்றில் சயனைடு மண் பறக்கும். தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய அரைத்த பாறை ஊரெங்கும் மேடு மேடாகக் கிடக்கிறது. மூன்று கோடி டன்னுக்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துவிடும், அத்தனை நைசு. ஜன்னலைச் சாத்தினாலும் வீட்டுக்குள் வரும். மடித்து வைத்த துணியின் மடிப்புக்குள்ளும் போய் உட்காரும். துணி அசையும்போதெல்லாம் அந்தத் தூள் இழையை உரசும். வருஷம் கழித்துப் பிரித்தால் மடிப்புக் கோட்டிலேயே நூல் விட்டிருக்கும். நல்ல துணிதான், வைத்த விதத்தில் போய்விட்டது.

இந்த வாரம் துணி சேர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். பழைய புடவை, டைலர் கடைப் பிட்டு, கிழிந்த வேட்டியில் மிஞ்சிய நல்ல பாகம் என்று எதையும் எறிய மனம் வராமல், போர்வை தைக்க ஆகும் என்று எடுத்து வைப்பவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கமிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்குச் சுரங்கக் கம்பெனி கொடுத்த லைன் வீடு என்பது ஏறக்குறைய ஒரே அறைதான். அடுப்பு, படுக்கை, சாமி படம் எல்லாம் அதற்குள். பீரோவுக்கு ஏது இடம்? கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும், அவ்வளவுதான். தாத்தா வேலை பார்த்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அடிமட்டத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஊரோ கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஷிப்ட் முடிந்து வியர்வையோடு மேலே வருகிறவர்களை மார்கழிக் குளிர் பிடித்துக்கொள்ளும். கம்பளி வாங்க எல்லோருக்கும் வசதி இல்லை. எங்கள் வீட்டில் ஆயா தைத்த பழம்புடவைப் போர்வைதான் அத்தனை பேரையும் போர்த்தியது.

ஆயாவின் கணக்கில் கத்தரிக்கு வேலையே கிடையாது. ஐந்தரை மீட்டர் புடவையை நீளத்தில் மூன்றாக மடித்தால் ஆறடி வரும். அகலம் எப்படியும் மூன்றே முக்கால் அடி இருக்கும். ஓர் ஆள் போர்த்தும் அளவு, மூன்று அடுக்காக, அப்படியே கிடைத்துவிடும். அடுக்குக்கு நடுவே கந்தல் துண்டுகளைச் சுருக்கமில்லாமல் பரப்பி, ஓரத்திலிருந்து ஓட்டுத் தையலாக வரிசை வரிசையாக இழுத்துக்கொண்டே போவார். மேலே எங்கெங்கே நைந்திருக்கிறதோ அங்கெல்லாம் ஓர் ஒட்டு. பெட்டி நிரம்பினால் தைப்பார். தைத்து முடித்தால் பெட்டி பாதி காலியாகும்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்குப் பிறகு ஊரின் பிழைப்பு ரயிலில்தான். மாரிக்குப்பத்திலிருந்து விடிவதற்கு முன்பே வண்டி ஏறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இருட்டியபின் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். அதில் கார்மென்ட்ஸுக்குப் போகும் பெண்களும் இருக்கிறார்கள். கார்மென்ட்ஸ் வெட்டுத் துணி கிலோ கணக்கில் விலைக்குக் கிடைக்கிறது. ராபர்ட்சன்பேட்டையில் தெரிந்த டைலர் இருந்தால் பிட்டுத் துணி ஒரு பை சும்மாவே கிடைக்கும். ஆயா காலத்தில் துணி அரிது. இப்போது வந்துகொண்டே இருக்கிறது. பெட்டி போதாமல் அட்டைப்பெட்டி, அதுவும் போதாமல் பரண். எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகும்போது தைப்பதும் நின்றுபோகிறது. உட்கார்ந்து தைக்க நேரம் கிடைத்த அபூர்வமான ஞாயிற்றுக்கிழமையில், பரணில் ஏறித் தேட அலுத்துக்கொண்டு புதுத் துணி வாங்கக் கடைக்குப் போகிறோம்.

ஆகவே துணியை ஒழுங்காக வைப்பதையும் தையல் வேலையிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். திறந்தவுடன் கண்ணுக்குத் தெரிய வேண்டும், எடுத்தவுடன் தைக்க ஆக வேண்டும். அப்படி இல்லாத துணி வீட்டில் இருந்தும் இல்லாததுதான்.

முதலில் பிரிக்க வேண்டும். பலரும் நிறம் பார்த்துப் பிரிக்கிறார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் போர்வை உழைக்காது. முதலில் நூல், அடுத்து வலு, கடைசியில்தான் நிறம்.

எந்த நூல் என்று தெரியாவிட்டால் கொளுத்திப் பார்ப்பதுதான் வழி. எதிர்வீட்டுப் பெண் கார்மென்ட்ஸ் வேலையிலிருந்து திரும்பும்போது ஒரு பை நிறையத் துண்டு கொண்டுவந்தாள். அதில் ஒன்றின் ஓரத்திலிருந்து நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு மேலே வைத்துத் தீக்குச்சி கிழித்தேன். “இன்னாக்கா, துணிய கொளுத்துற?” என்று பதறினாள். முதல் துண்டின் இழை நிதானமாக எரிந்து, காகிதம் கருகும் வாசனை வந்து, விரலால் தொட்டால் உதிரும் சாம்பலானது. அது சுத்தப் பருத்தி. அடுத்தது சுருங்கி, உருகி, கரும்புகை விட்டு, நசுக்க முடியாத கெட்டி மணியாக நின்றது. அது பாலியஸ்டர். மூன்றாவதில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தது. சாம்பலும் வந்தது, நடுவில் கெட்டியாகவும் நெருடியது. கலப்பு. பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும். இரண்டு மூன்று துண்டு பார்த்ததும் அந்தப் பெண்ணே இடுக்கியை வாங்கிக்கொண்டாள். நாள் முழுக்க மெஷினில் ஓட்டும் துணி எதனால் ஆனது என்று அவளுக்கு யாரும் இப்படிக் காட்டியதில்லை.

வலு பார்க்க ஜன்னல் வெளிச்சம் போதும். துணியை விரித்துப் பிடித்தால் நைந்த இடம் வெளுப்பாகத் தெரியும். பிறகு இரண்டு கட்டை விரலாலும் குறுக்கே இழுத்துப் பாருங்கள். ‘பர்’ரென்று சத்தம் கேட்டால் அது மேல்துணிக்கு ஆகாது, உள்ளே வைக்கத்தான் ஆகும். பல வருஷம் துவைத்துத் துவைத்து மெலிந்த வாயில் புடவைத் துண்டையும் புது டெரிகாட்டன் சட்டைத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால், டெரிகாட்டன் இழுக்கும் இழுப்பில் வாயில் தையலோரமாகக் கிழியும். மெலிந்தது மெலிந்ததோடு, கனத்தது கனத்ததோடு இருக்கட்டும். பெட்டியில் வைக்கும்போதே இப்படிப் பிரித்துவிட்டால் தைக்கும்போது யோசிக்க வேண்டாம்.

துவைக்காத துணி எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது. புதுப் பருத்தி மீட்டருக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் சுருங்குவது சாதாரணம். அதைத் தைத்தபின் சுருங்க விட்டால் போர்வை முழுக்கக் கோணும். கருஞ்சிவப்பு, கருநீலம், பச்சை என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாக ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். எத்தனை அலசியும் தெளியாவிட்டால் அந்தத் துணி போர்வைக்கு வேண்டாம். கஞ்சி போட்ட புடவையென்றால் கஞ்சி முழுக்கப் போக வேண்டும். ராமபாணப் பூச்சி தேடி வருவது அந்தக் கஞ்சியைத்தான். சின்னத் துண்டுகளைத் தலையணை உறையில் போட்டு வாய்கட்டித் துவைத்தால் நூல் பிரிந்து சிக்காது. நிழலில் காயட்டும். காய்ந்த கையோடு சூடாக மடிக்காமல், ஆறவிட்டு மடியுங்கள்.

மடிப்பு ஒரே அளவாக இருக்க வேண்டும். ஆறு அங்குல அகலத்தில் ஓர் அட்டை வைத்துக்கொள்ளுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை போதும். துணியை அதன்மேல் சுற்றி மடித்து, பிறகு அட்டையை உருவிவிட வேண்டும். உள்ளேயே விட்டால் அட்டையின் பழுப்பு துணியில் ஏறும். மடித்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், அலமாரிப் புத்தகங்களைப்போல நிறுத்தி வையுங்கள். மூடியைத் திறந்தால் எல்லா மடிப்பின் விளிம்பும் தெரியும். ஒன்றை உருவினால் மற்றது கலையாது. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது எடுத்து உதறி, மடிப்பை இடம் மாற்றி மடிக்க வேண்டும். சரிகைத் துணிக்கு இது ரொம்ப முக்கியம். ஒரே கோட்டில் மடிந்து கிடக்கும் சரிகை அந்தக் கோட்டிலேயே ஒடியும். அதை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றித் தனியே வையுங்கள்.

டிரங்குப் பெட்டி இன்றைக்கும் நல்ல பெட்டிதான். எலி கடிக்காது, வெளிச்சம் படாது, மூடி சரியாக உட்கார்ந்தால் மண்ணும் அவ்வளவாகப் புகாது. துருதான் பயம். அடியில் செய்தித்தாள் விரிக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும்; தாள் பழுப்பேறும், மை துணியில் ஒட்டும். துவைத்த பழைய வேட்டியை நாலாக மடித்து அடியிலும் பக்கங்களிலும் விரியுங்கள். பெட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றினால் தரை ஈரமும் கரையானும் அண்டாது. காற்றுக் காலத்தில் பெட்டிமேல் ஒரு பெட்ஷீட் போர்த்தி, திறப்பதற்கு முன் மூடியை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே படிந்த மண் அப்படியே உள்ளே கொட்டும்.

கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் கவரில் துணியைப் போட்டுக் கட்டாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணம் பிடிக்கும். அதற்குப் பழைய தலையணை உறை எவ்வளவோ மேல். பாச்சை உருண்டை வாடை சின்ன வீட்டில் குழந்தைகளுக்கு நல்லதல்ல. வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து மூலைக்கு ஒன்றாகப் போடலாம். காய்ந்த வேப்பிலையும் போடலாம். வாசனை குறைந்ததும் மாற்ற வேண்டும். ஆனால் அழுக்கும் ஈரமும் இருக்கும் பெட்டியை எந்த இலையும் காப்பாற்றாது.

அளவுக்கு மூன்று பிரிவு போதும். முழுப் புடவை, வேட்டி, லுங்கி ஒன்று. சாணுக்கு மேற்பட்ட துண்டுகள் ஒன்று. உள்ளங்கைக்கும் சாணுக்கும் இடைப்பட்டவை ஒன்று. உள்ளங்கையை விடச் சிறியதைச் சேர்க்காமல் உடனே தலையணைக்குள் அடைத்துவிடுங்கள்.

ஒரு வகைத் துணிக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. சுரங்கத்துக்குப் போட்டுப் போன காக்கி எங்கள் ஊரில் இன்னும் பல பெட்டிகளின் அடியில் கிடக்கிறது. போட்டவர் இல்லை, சட்டையைத் தொட மனம் வருவதில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற கறுப்பினக் குடியானவர்களின் ஊர் இருக்கிறது. அங்கே 1942இல் கணவரை இழந்த மிசௌரி பெட்வே, அவர் வயலில் உடுத்திய வேலைத் துணிகளையே வெட்டித் தைத்துப் போர்வையாக்கினார். அதைப் போர்த்திக்கொண்டு அவரை நினைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே தைத்தார். அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டு உலகம் முழுக்கப் பேசப்பட்டன. காக்கியை வெட்டலாமா கூடாதா என்பது அந்தந்த வீட்டின் முடிவு. வெட்டாவிட்டாலும், ஒரு வெள்ளைப் பட்டையில் யாருடையது, எந்தச் சுரங்கம் என்று எழுதி உட்பக்கத்தில் தைத்து வையுங்கள். பேரப்பிள்ளை திறக்கும்போது சொல்ல நாம் இருக்க மாட்டோம்.

நம் கர்நாடக மாநிலத்தின் வடமேற்கில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துக் காடுகளில் வாழும் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். கோடு போட்டு வரைந்துகொள்வதில்லை. அடுத்த துண்டு எது என்பதைக் குவியலைப் பார்த்துக் கை முடிவு செய்கிறது. முடிக்கும்போது மூலைகளில் பூ என்று மடித்த துணியை வைத்துத் தைத்தால்தான் போர்வை பூர்த்தி. துணி கண்முன்னே இருந்தால்தான் இப்படித் தைக்க முடியும். பரணில் மூட்டையாகக் கிடக்கும் துணியிலிருந்து எந்தக் கைக்கும் அடுத்த துண்டு தோன்றாது.

வீடு பெரிதானவர்களுக்கும் ஆயாவின் ஒரு பெட்டிதான் சரியான அளவு என்று நம்புகிறேன். அது நிரம்பினால் இரண்டாவது பெட்டி வாங்காதீர்கள். ஒரு போர்வை தையுங்கள். நேரமோ கண்ணோ இடம் கொடுக்கவில்லை என்றால் தைப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். துவைத்து, பருத்தியும் கலப்பும் தனித்தனியாகப் பிரித்து, அளவாக மடித்துக் கொடுங்கள். பிரிக்காமல் மூட்டையாகக் கொடுத்தால், நம் வீட்டுப் பரணில் இருந்தது அவர் வீட்டுப் பரணுக்குப் போகும். பிரித்துக் கொடுத்தால் இந்தக் குளிருக்குள் போர்வையாகும்.