மருந்து மட்டும் போதாது!

வீட்டுக்குள் எலி ஓடினால் முதலில் நினைவுக்கு வருவது எலி மருந்து. கடைக்குப் போய் வாங்கி வருகிறார்கள். மூலை முடுக்கெல்லாம் வைக்கிறார்கள். மறுநாள் இரண்டு எலி செத்துக் கிடந்தால், "சனியன் தொலைந்தது" என்று நிம்மதி அடைகிறார்கள்.

ஆனால், தொல்லை தீர்வது இல்லை. சில மாதங்களில் மறுபடியும் எலி வந்துவிடுகிறது. சில வீடுகளிலோ, அந்த மருந்தே எமனாக மாறிவிடுகிறது.

செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்து ஊர் குன்றத்தூர். 2024-ம் ஆண்டு நவம்பர் மாதம் அங்கே ஒரு வீட்டில் எலியை ஒழிக்க மருந்து வைக்கப்பட்டது. இரவில் குடும்பத்தார் கதவை மூடிக்கொண்டு தூங்கினார்கள். மருந்தின் நெடி பரவியது. 2 குழந்தைகள் இறந்து போயின. தாயும் தந்தையும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

எலிக்கு வைத்த மருந்து பெற்ற பிள்ளைகளைப் பறித்துக் கொண்டது. இதைவிடக் கொடுமை உண்டா?

அதற்காக எலியைச் சும்மா விட்டுவிடவும் முடியாது.

எலிக் காய்ச்சல்

எலி நெல்லைத் தின்கிறது, துணியைக் கடிக்கிறது. இவை கண்ணுக்குத் தெரியும் கெடுதல்கள். கண்ணுக்குத் தெரியாத கெடுதல் அதன் சிறுநீரில் இருக்கிறது. அதுதான் எலிக் காய்ச்சல் கிருமி.

இந்தக் கிருமியை 1915-ம் ஆண்டில் ஜப்பான் நாட்டு டாக்டர்கள் இனடா, இடோ ஆகியோர் கண்டுபிடித்தார்கள். எலியின் சிறுநீரகத்தில் அது குடியிருப்பது பிறகு தெரிந்தது. எலிக்கு அதனால் பெரிய கேடு இல்லை. மனிதனுக்குத்தான் ஆபத்து!

எலியின் சிறுநீர், தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் கலக்கிறது. காலில் புண்ணோ, வெடிப்போ உள்ளவர் செருப்பு இல்லாமல் அதில் நடந்தால், கிருமி உடம்புக்குள் புகுந்துவிடுகிறது. கடும் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை இந்த நோயின் அடையாளங்கள். முற்றினால் மஞ்சள் காமாலை வரும், சிறுநீரகமும் கெடும், உயிரும் போகலாம். ஆரம்பத்திலேயே டாக்டரிடம் போனால் குணமாக்கிவிடலாம்.

செம்பரம்பாக்கம் போன்ற ஏரிக்கரை ஊர்கள் இதை மறக்கக் கூடாது. 2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஏரியில் இருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. அடையாறு கரை புரண்டது. வீதிகளில் ஜனங்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்கள். மழைக் காலத்தில் வளைக்குள் தண்ணீர் புகுந்தால், எலியும் வீடு தேடித்தான் வரும்.

ஆராய்ச்சி சொன்ன உண்மை

கொன்றாலும் எலி ஏன் திரும்ப வருகிறது? இதற்கு விடை கண்டவர்கள் அமெரிக்க விஞ்ஞானிகள்.

1940-களில், பால்டிமோர் நகரத்துச் சந்துகளில் வாழ்ந்த பழுப்பு எலிகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். டேவிட் டேவிஸ் என்பவர் அவர்களில் முக்கியமானவர். எலிகளைப் பிடித்துக் குறைத்துப் பார்த்தார்கள். மிஞ்சியவை குட்டி போட்டன. பழைய எண்ணிக்கை திரும்ப வந்துவிட்டது! பழுப்பு எலி சுமார் 3 வாரங்களே சினையாக இருக்கும். ஒரே ஈற்றில் எட்டுக் குட்டிகள்கூடப் போடும்.

ஆனால், குப்பையை அகற்றி, ஒளியும் இடங்களை ஒழித்தபோது எலிகள் குறைந்தன. குறைந்தது குறைந்தபடியே இருந்தது. எவ்வளவு தீனி உண்டோ, எவ்வளவு இடம் உண்டோ, அவ்வளவுதான் எலி இருக்கும். இதுதான் அந்த ஆராய்ச்சி சொன்ன உண்மை.

இங்கே தொல்லை கொடுப்பவை வீட்டு எலி, வயல் எலி, பெருச்சாளி. இனம் வேறு என்றாலும் வயிறு ஒன்றுதான்!

விஷம் இல்லாத வழி

விஷம் இல்லாமல் எலி பிடிக்கும் வித்தையை இருளர்கள் பல தலைமுறையாக அறிந்திருக்கிறார்கள். மண் சட்டியில் புகை மூட்டி, வாயால் ஊதி, வளைக்குள் செலுத்துவார்கள். இதனால் கையும் உதடும் சுடும். புகை நெஞ்சை அடைக்கும். இந்தக் கஷ்டத்தைப் போக்க, 2003-ம் ஆண்டு உலக வங்கி கொடுத்த உதவித் தொகையைக் கொண்டு, கையால் சுற்றிப் புகை விடும் இரும்புக் கருவி அவர்களுக்குக் கிடைத்தது. வயலுக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது.

வீட்டுக்கு வழி இன்னும் எளிது. இராத்திரியில் சோற்றுப் பானையை மூடி வைக்க வேண்டும். அரிசி, பருப்பை மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும். மிச்சம் மீதியைத் தெருவில் கொட்டக் கூடாது. சுவரில் உள்ள ஓட்டையைச் சிமெண்டு வைத்து அடைக்க வேண்டும். பொறி வைத்துப் பிடிக்கலாம். மருந்து வைத்தே தீரவேண்டும் என்றால், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் வேண்டாம். விஷயம் தெரிந்தவரின் யோசனை இல்லாமலும் வேண்டாம்.

ஒரு வீடு மட்டும் இதைச் செய்தால், எலி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். தெரு முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டும். குப்பையைத் தினமும் அள்ளுவதும், சாக்கடையைச் சீராக வைப்பதும் ஊராட்சி, நகராட்சிகளின் கடமை. அந்தக் கடமை தவறினால், வீட்டார் படும் பாடெல்லாம் வீண்.

எலிக்குச் சோறும் வீடும் கொடுத்துவிட்டு, பிறகு விஷம் வைப்பது அறிவுடைமை அல்ல. சோற்றை மூடினால், எலியின் கதை தானாக முடியும். குழந்தைகளும் பத்திரமாகத் தூங்கும்!